அத்தைக்கு மறுபடியும் உப்பளம்

கடல் விட்டுப்போன நிலம் யாருக்கு என்ற கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பாண்டியர் காலத்தில் கொற்கை துறைமுகம். தாலமி குறித்துவைத்த ஊர், முத்துக்காகக் கிரேக்கரும் ரோமரும் தெரிந்துவைத்திருந்த ஊர். இன்று கடலைப் பார்க்க வேண்டுமானால் பைக்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். தாமிரபரணி கொட்டிய வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போய்விட்டது. கால்டுவெல் வந்து தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தொல்லியல் துறை தோண்டியது, 2021இல் மறுபடியும் தோண்டினார்கள். அவர்கள் சங்குத் துண்டையும் பானை ஓட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள், நாங்கள் வாழை வைத்தோம். கடல் உதறிய இடத்தில் நல்லது வயலானது, கரிப்பது உப்பளமானது, எதற்கும் ஆகாதது புறம்போக்கு.

அந்தப் புறம்போக்கில்தான் என் அத்தை பிறந்த வீடு. 'ஆக்கிரமித்திருக்கிறாய், அபராதம் கட்டு' என்று அவ்வப்போது பி மெமோ வரும். தாத்தா முகம் சுளிக்காமல் கட்டிவிட்டு, ரசீதை ஓலைப்பெட்டியில் பத்திரமாக வைப்பார். பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போகிற அன்றைக்கு, நீ இந்த இடத்தில் இருந்தாய் என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே சாட்சி, நீ இங்கே இருக்கக் கூடாது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம்தான். அபராதம் கட்டக் கட்ட உரிமை வலுக்கும் என்பது வக்கீல்களுக்கு முன்னால் எங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த சட்டம்.

அத்தைக்கு வேலை பழையகாயல் பக்கம் உப்பளத்தில். இருட்டோடு கிளம்பிப் போவாள். வெயில் ஏறிவிட்டால் பாத்தி முழுக்கக் கண்ணாடியாகக் கண்ணைக் குத்தும். பலகையால் வாரி வரப்பில் ஏற்றி, தண்ணீர் வடிந்ததும் பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் தட்ட வேண்டும். தலைச்சுமையில் இருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் முகத்தில் இறங்கும். சாயங்காலம் காலில் வெடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் வைக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஐப்பசியில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும், வயிறு நிற்காது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி வந்து உப்பளத்துக்காரர்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' எழுதினார். அத்தைக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அதில் நாலு திருத்தம் சொல்லியிருப்பாள்.

பம்பாயில் இருந்து மாப்பிள்ளை வந்தபோது அத்தை கேட்டது ஒரே கேள்வி: "அங்க உப்பளம் உண்டுமா?" தாராவியில் இல்லை என்றார்கள். கல்யாணம் முடிந்தது.

திருநெல்வேலிச் சீமையில் இருந்து தாராவிக்கு ஆள் போவது நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். தோல் கிடங்குகளில் தொடங்கியது. மாமாவும் முதலில் தோல் கிடங்கில்தான் இருந்தார். நாற்றம் பொறுக்காமல் இட்லி வியாபாரத்துக்கு மாறினார். 1986இல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் நான் போய் இறங்கினேன். எழும்பூர் வரை மீட்டர் கேஜ் வண்டி, பிறகு சென்ட்ரலில் இருந்து பம்பாய் வண்டி. அந்த வருஷம்தான் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. தாராவியில் அதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை; அங்கே இன்றைக்கும் நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள்தான்.

மாஹிம் கழிமுகத்துச் சகதியில் தேங்காய் மட்டையும் இடிந்த வீட்டுக் கல்லும் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கிய இடத்தில் அத்தையின் ஒற்றை அறை. லாரிக்கு மாமாதான் காசு கொடுத்திருந்தார். மித்தி ஆற்றுக்கு அக்கரையிலும் அதே சகதிதான். அதை மேடாக்க அரசாங்கமே காசு போட்டது, அதற்குப் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இக்கரையில் செய்தால் ஆக்கிரமிப்பு.

அந்த அறையில் சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம் இருந்தது. 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்த பிறகு கொடுத்த போட்டோ பாஸ். அத்தையும் மாமாவும் போலீஸ் ஸ்டேஷனில் பிடிபட்டவர்களைப் போல அதில் விறைத்து நிற்பார்கள். நீங்கள் குடிசைவாசிகள் என்று அரசாங்கம் தந்த அத்தாட்சி. தாத்தாவின் பி மெமோவுக்குத் தங்கச்சி முறை.

விடியுமுன்னே கிரைண்டர் ஓடும். ஈரத்துணி விரித்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஆவி ஓட்டைக் கூரையில் முட்டிச் சொட்டும். மாமா அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹாரனை அமுக்கியபடி கிளம்புவார். முன்பெல்லாம் அவருக்கு மில் வாசல்தான் சந்தை. ஷிப்ட் விட்டதும் பாத்திரம் காலியாகிவிடுமாம். 1982 ஜனவரி 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் மில் தொழிலாளர்கள், ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தத்தை முறைப்படி முடித்துவைத்தவர் யாரும் இல்லை. பல மில்களின் சங்கு பிறகு ஊதவே இல்லை. மாமா வியாபாரத்தை மாட்டுங்கா, மாஹிம் பக்கம் மாற்றிக்கொண்டார்.

"மில்லு போனா என்ன மாப்ளே, எடம் இருக்குல்லா? அவ்வளவு எடத்தையும் என்ன செய்வான்? வேல பாத்தவனுக்கு வீடு கட்டிக் குடுப்பான்" என்பார். மாமா சொன்னது அப்படியே நடந்தது, காகிதத்தில். 1991இல் மகாராஷ்டிர அரசு விதி போட்டது: மில் நிலத்தை விற்றுக் கட்டலாம், ஆனால் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா மைதானத்துக்காக, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, தொழிலாளர் குடியிருப்புக்காக, மிச்சம் முதலாளிக்கு. நடு பம்பாயில் 600 ஏக்கர் இப்படிப் பங்குக்கு நின்றது. இவ்வளவு நியாயமான பாகப்பிரிவினை எங்கள் வம்சத்தில்கூட நடந்ததில்லை. 2001இல் அதே விதியைக் கொஞ்சம் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் இல்லையாம், கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும் பங்காம். மில் என்றால் சுவருக்குச் சுவர் ஷெட்டுதான், காலி இடத்துக்கு எங்கே போவது? வழக்கு டெல்லி வரை போனது. 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் மால் இருக்கிறது. தொழிலாளர்களுக்கான முதல் பெரிய குலுக்கல் 2012இல் நடந்தது, 6,925 வீடுகளுக்கு. வேலைநிறுத்தம் தொடங்கியபோது முப்பது வயதாக இருந்தவர் அறுபது வயதில் குலுக்கல் சீட்டைப் பார்த்தார். விண்ணப்பம் போட்டவர்களோ லட்சத்துக்கு மேல்.

தாராவிக்கும் வாக்குறுதிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவித்ததில் இருந்து "கட்டடம் வருது" என்று சொல்லிக்கொண்டே மாமா காலமானார். 2004இல் புது மாடல் தாராவி என்று ஒரு திட்டம். பிறகு டெண்டர், ரத்து, மறுபடியும் டெண்டர். நடுவில் 2018இல் ரஜினி 'காலா' என்று திருநெல்வேலியில் இருந்து போன தாராவிக்காரராக நடித்தார். அந்தத் திருநெல்வேலித் தமிழ் சரியில்லை என்பது அத்தையின் விமர்சனம். நிலத்தைப் பற்றிப் படத்தில் சொன்னதெல்லாம் சரிதானாம். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு ஜெயித்தது. கூட்டு நிறுவனத்தில் அவர்களுக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20.

2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. வீட்டு வாசலில் பெயின்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குள் அத்தையின் ஒற்றை அறை வளர்ந்திருந்தது, மேல்நோக்கி. கீழே மூத்தவர், எனக்கு அத்தான் முறை. மேலே இளையவன்; இரண்டு தையல் மெஷின் போட்டு ஜீன்ஸ் பேன்ட் தைக்கிறான். மேலே போகச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடிக்க ஒரு நைலான் கயிறு. துணி மூட்டை, கேஸ் சிலிண்டர், அவன் பெண்டாட்டியின் நிறைமாத வயிறு எல்லாம் அந்த ஏணியில்தான் ஏறி இறங்கின.

விதி இப்படி. 2000 ஜனவரி 1க்கு முன்னால் இருந்து தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பின், 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகைத் தவணை முறையில். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே அஸ்திவாரத்தின் மேல் படுத்துத் தூங்குகிற இருவரில் கீழே படுத்தவர் மண்ணின் மைந்தர், எட்டடி உயரத்தில் படுத்தவன் வெளியூர்.

வெளியே என்றால் எங்கே? நகரத்தில் யாருக்கும் தேவைப்படாமல் கிடக்கும் அரசு நிலம் எது என்று தேடினார்கள். குர்லாவில் பால் பண்ணை இடம் அகப்பட்டது. தேவ்னாரில் குப்பைமேடு அகப்பட்டது. அதில் 124 ஏக்கர். பிறகு மத்திய அரசின் உப்புத் துறை வசம் இருக்கும் உப்பளம்: காஞ்சூர்மார்க்கில் 120.5 ஏக்கர், காஞ்சூரையும் பாண்டுப்பையும் ஒட்டி 76.9, முலுண்டில் 58.5. ஆக 255.9 ஏக்கர், 99 வருஷக் குத்தகை. ரயில்வே ஸ்டேஷன்கள் சுற்றி நிற்கும் தாராவி மண், அத்தனை காலம் அங்கே இருந்தவர்களுக்குக் கொடுக்க முடியாத அளவு விலையேறிவிட்டது. விலைபோகாத நிலம் எது என்று பார்த்தால் குப்பையும் உப்பும்தான் மிஞ்சுகிறது.

பம்பாயை மட்டும் சொல்வானேன். இங்கே மாஞ்சோலையில், 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,374 ஏக்கரில், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். காடு காட்டுக்கு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அவர்களுக்குச் சொன்ன இடங்களில் ஒன்று ரெட்டியார்பட்டி அடுக்குமாடி. குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாளையங்கோட்டை வெயில்.

உப்பளச் செய்தி டிவியில் வந்த அன்று ராத்திரி அத்தை போன் பண்ணினாள். இளையவனுக்கு எந்தக் கடுதாசியும் வரவில்லை. எங்கே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தை முடிவே பண்ணிவிட்டாள்.

"ஏல மருமவனே, முலுண்டுல உப்பளம் இருக்காம்லா?"

"இருக்கு அத்தே. இப்ப அங்க வீடு கட்டப்போறாவளாம்."

"ஊத்துத் தண்ணியா, கடத்தண்ணியா?"

இதைக் கேட்க எந்த நிபுணர் குழுவுக்கும் தோன்றியிருக்காது. எங்கள் பக்கத்தில் நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்தும் பாத்தி கட்டுவார்கள். பம்பாயில் கழிமுகத்துக் கடல் தண்ணீர் ஏற்றத்தில் தானாக உள்ளே வரும், அதை மடக்கிக்கொள்வார்கள். அதைச் சொன்னேன்.

"அப்ப அது தண்ணி வார பாதைலா? மண்ணப் போட்டு மேடாக்கிட்டா, அந்தத் தண்ணி எங்க போவும்?"

2005 ஜூலை 26ஆம் தேதி மும்பை சான்டாகுரூஸில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை. அத்தை வீட்டில் சாமி படம் வரைக்கும் தண்ணீர். போட்டோ பாஸைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஏரல் பாலம் உடைந்தது, கொற்கை தீவாயிற்று. எங்கள் வாழையைச் சாய்த்த வெள்ளம் எங்கே போய் விரிந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வரப்பெல்லாம் கரைத்துக்கொண்டு உப்பளங்களின் மேல் பரவிக் கடலுக்குப் போனது. முலுண்டு உப்பளத்துக்கும் அதே உத்தியோகம்தான். சம்பளமில்லாத வேலை பார்க்கிற நிலத்தைப் பார்த்து, சும்மா கிடக்கிறது என்று எழுதுவது ரெவின்யூ வழக்கம். உப்பளத்தை எடுக்காதே என்று மும்பையில் சுற்றுச்சூழல்காரர்கள் வழக்குப் போட்டதும் இதனால்தான். தாராவிக்காரர்களுக்கு வீடு கொடுப்பதற்கு எதிராக அவர்கள் பேசவில்லை, ஆனாலும் இளையவனுக்கு அவர்கள்மேல் கோபம். குப்பைமேட்டுக்கு உப்பளம் தேவலை என்கிறான். அதை நான் எந்த முகத்தோடு மறுப்பது?

"அவன் எங்க போனாலும் மெஷின கொண்டுபோய்ருவான்" என்றாள் அத்தை. "வீடு குடுத்தா வேண்டாங்க வேண்டாம். ஆனா ஒண்ணு, எழுதிக் குடுக்கும்போதே சொல்லிரச் சொல்லு. கீழ வேண்டாம். மொத மாடி, ரெண்டாம் மாடியும் வேண்டாம். நாலுக்கு மேல கேக்கணும்."

"மாடியில இருந்ததுனாலதான அத்தே இங்க இருந்து போவச் சொல்லுதாவோ?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். இங்க மாடியில இருந்தவனுக்கு உரிமை இல்ல, அங்க கீழ இருக்கவனுக்கு உசிரு இல்ல. லிப்ட்டு ஓடலைன்னா என்ன, ஏணி ஏறுத ஆளுதான அவன்."