கோலமும் கோணமும்

கேள்வி: கண்ணுக்கே தெரியாத புரதத்தின் வடிவத்தை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: ஒரு வழி இது: உப்பைப் போலப் புரதத்தையும் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். சிதறி விழுபவை கோலப்புள்ளிகள். கணக்குப் போட்டால் கோலம் தெரிந்துவிடும்! கோலம் சரிதானா? அதற்கும் சோதனை உண்டு. பஸ்ஸில் ஒருவர் இருக்கையில் இருவர் உட்கார முடியாதே, அணுக்களும் அப்படித்தான். ஆகவே புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இடமுண்டு என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும், சக ஆய்வாளர்கள் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்றும் உலகெங்கும் புதிய புரத வடிவங்கள், அந்தக் கோணங்களைக் காட்டும் ‘ராமச்சந்திரன் வரைபட’த்தில்தான் தேர்வு எழுதுகின்றன. நம் ஊர் வாத்தியார் அத்தனை கண்டிப்பு!