சரபோஜியிடமிருந்து தப்பிய ரயில்

தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா ரயிலைப் பார்க்காமலே கண்ணை மூடியது ரயில் செய்த புண்ணியம். பார்த்திருந்தால் வாங்கியிருப்பார். வாங்கியதற்கு நம்பர் போட்டு, சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பார். ஓடுவதற்கு அதற்கு எங்கே நேரம்?

மனிதர் எதைத்தான் விட்டுவைத்தார்! சுவடி, ஐரோப்பியப் புத்தகம், ஓவியம், ஆபரேஷன் கருவி, எலும்புக்கூட்டு மாதிரி என்று சகலமும் சேர்த்தார். கண் நோயாளி வந்தால் அந்தக் கண்ணைப் படமாக வரையச் சொல்லி கேஸ் ஷீட்டில் வைத்துக்கொண்டார். வைத்தியத்தோடு ஒரு கலெக்‌ஷனும் ஆயிற்று.

குறை சொல்லாதீர்கள். 1799-லேயே ராஜ்யத்தின் நிர்வாகம் கும்பெனியிடம் போய்விட்டது. கோட்டைக்குள் மட்டும் ராஜா. படை இல்லை, போர் இல்லை, வரி வசூல் தலைவலி இல்லை. பென்ஷன் மட்டும் உண்டு. பொழுதுபோக்கு வளர இதைவிட நல்ல உரம் ஏது? நெப்போலியன் தோற்றான் என்றதும் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் மனோரா என்று எட்டு மாடியில் கோபுரம் எழுப்பினார். ஜெயித்தது யார்? இங்கிலீஷ்காரன். நம்மவரின் ராஜ்யத்தை வாங்கிக்கொண்டது யார்? ஹி... ஹி... அதே இங்கிலீஷ்காரன்தான்.

1830-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கியது. 1832-ல் சரபோஜி காலமானார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் தஞ்சை அரண்மனையில் ஒரு குட்டி எஞ்சின் நிச்சயம் புகை விட்டிருக்கும்.

அந்த ஆசையைத் தீர்த்துவைத்தவர் இன்னொரு மராத்தியர், குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. 1906-ல் இங்கிலாந்தின் பாஸெட்-லோக் கம்பெனிக்கு ஆர்டர் போனது. வந்தது வெள்ளி ரயில். எங்கே ஓட? சாப்பாட்டு மேஜை மேல்! பிராந்தி, சுருட்டு சகிதம் விருந்தாளிகளைச் சுற்றி வரும். வண்டியிலிருந்து பாட்டிலை எடுத்தால் ரயில் நிற்கும். திரும்ப வைத்தால் கிளம்பும். யார் எவ்வளவு நேரம் ரயிலை நிறுத்தினார் என்று மொத்த மேஜைக்கும் தெரிந்துவிடும். குடியைக் குறைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எந்த சர்க்காரும் கண்டுபிடிக்கவில்லை.

பெட்டிக்கு ஓர் எழுத்தாக, இங்கிலீஷில் ‘சிந்தியா’ என்று ஏழு பெட்டிகளில் பொறித்திருந்தார்கள். வெள்ளைக்காரன் எழுதிய ‘செர்ஃபோஜி’ ஸ்பெல்லிங்கை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஏழு. நம்மூருக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்தியிருக்கும்!

வைஸ்ராய் வந்த ஒரு விருந்தில் கன்ட்ரோல் கெட்டுப்போய், ரயில் நிற்காமல் சுற்றி விருந்தாளிகள் மேல் சாப்பாட்டைக் கொட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போனால் நாம் புகார்ப் புத்தகம் கேட்போம். அவர்கள் துண்டு கேட்டிருப்பார்கள்.

குவாலியரில் மேஜை மேல் விளையாடிய விளையாட்டை, காவிரிக் கரையில் வயல் மேல் விளையாடினார்கள். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் ரயில் வந்தது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே, அகலப் பாதையில். சரி, நன்றாகத்தானே ஓடுகிறது? இருக்க விடுவார்களா! சிக்கனத்துக்கு மீட்டர் கேஜ்தான் சரி என்று கல்கத்தாவில் முடிவாகி, 1870-களில் அந்த அகலப் பாதையைக் குறுக்கினார்கள். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, சுதந்திர இந்தியா வந்து அதே பாதையை மறுபடி அகலமாக்கியது. கேஜ் மாற்றி மாற்றிப் புது செட் வாங்கும் வியாதி பொம்மை ரயில்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு என்று யார் சொன்னது?

ஜில்லா போர்டும் சும்மா இருக்கவில்லை. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பார்க்க வேண்டிய தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ஒரு செஸ் வசூலித்து, 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சொந்தமாக ஒரு ரயில் பாதையே போட்டுவிட்டது. செலவு மிராசுதாருடையது, ‘எங்க ரயில்’ என்ற ஜம்பம் போர்டுடையது.

இனி, பொம்மை ரயில் சேர்ப்பவர்களின் அசல் பைத்தியத்துக்கு வருவோம். லிவர்பூல் பிராங்க் ஹார்ன்பி 1920-ல் பொம்மை ரயில் விற்க ஆரம்பித்தார். பிஸ்கட் கம்பெனிப் பெயர் போட்ட பெட்டிகள் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. ஆகவே இன்று அவற்றுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. கோல்மன்ஸ் கடுகுப் பொடி விளம்பரத்தோடு 1920-களின் தொடக்கத்தில் ஒரு பெட்டி வந்தது. கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், இன்றைக்கு ஹார்ன்பி பக்தர்களுக்கு அதுதான் குலதெய்வம். சாமான் தகர டப்பா. காரம் மட்டும் கடுகு.

அமெரிக்காவில் லயனல் கம்பெனி. முதலாளி ஜோஷுவா லயனல் கோவன், 1900 வாக்கில் கடைக்காரர்களின் ஷோகேஸில் சாமான் ஏற்றிச் சுற்ற ஒரு வண்டி செய்து கொடுத்தார். ஜனங்கள் சாமானை விட்டுவிட்டு வண்டிக்கு விலை கேட்டார்கள். அங்கிருந்து கிளம்பிய கம்பெனி, 1930-களின் பஞ்ச காலத்தில் திவாலின் வாசல்வரை போனது. 1934-ல் மிக்கி மவுஸும் மின்னியும் தள்ளும் ஒரு டாலர் தள்ளுவண்டி இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு பெரிய கம்பெனியை எலி கடிக்காமல் காப்பாற்றிய சம்பவம் சரித்திரத்தில் இது ஒன்றுதான்.

அகம்பாவம் அதற்கப்புறம் வந்தது. ‘பெண் குழந்தைகள் ஏன் ரயில் வாங்குவதில்லை?’ என்று பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள்: கலர்தான் குறை! 1957-ல் ரோஸ் கலர் எஞ்சின், மஞ்சள், இளநீலம், லைலாக் பெட்டிகள் என்று கல்யாண ரிசப்ஷன் மாதிரி ஒரு ரயில் வந்தது. பெண் குழந்தைகள் அதை ஏறிட்டுப் பார்த்தார்கள், சிரித்தார்கள், அண்ணனின் கறுப்பு எஞ்சினைத்தான் கேட்டார்கள். ரயில் என்றால் ரயில் மாதிரி இருக்க வேண்டாமா?

சரக்கு தேங்கியது. கடைக்காரர்களில் சிலர் ரோஸ் எஞ்சினுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து விற்றார்கள். ஆகவே நல்ல நிலையில் மிஞ்சியது சொற்பம். சொற்பம் என்பதாலேயே பின்னாளில் விலை எகிறியது. எகிறியதும் என்ன நடந்தது தெரியுமா? போலி ரோஸ் எஞ்சின்கள் முளைத்தன! ஒரு தலைமுறை ரோஸுக்குக் கறுப்பு அடித்தது, அடுத்தது ரோஸ் அடித்துக் காசு பார்த்தது. லாபம் பெயிண்ட் கம்பெனிக்கு.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொலு வீடுகளுக்கு இது புதிதே அல்ல. கல்யாண செட், செட்டியார் செட், கிரிக்கெட் செட் என்று வருஷா வருஷம் சேரும். “இந்த மோல்டு இப்ப வர்றதே இல்லடி” என்று ஒரு மாமி சொல்லும்போது முகத்தில் வரும் பெருமிதம் இருக்கிறதே, லண்டன் ஏலக்காரன் சுத்தியலுக்கும் அது இல்லை. கிரிக்கெட் செட்டில் விக்கெட் கீப்பருக்குக் கை உடைந்திருக்கும். பரவாயில்லை, ரேர் பீஸ். கொலுப் படிக்கு முன்னால் ‘பார்க்’ கட்டி அதில் குட்டி ரயில் விடும் பொறுப்பு மட்டும் மாமாவுக்கு. நவராத்திரி ஒன்பது நாளும் அவர்தான் தென்னக ரயில்வே ஜெனரல் மேனேஜர். பேட்டரி தீர்ந்தால் பதவியும் போச்சு.

நிறுத்தினால் மதிப்பு ஏறும், மறுபடி அதே மாடல் வந்தால் பழசின் விலை இறங்கும் என்பது கலெக்டர்களின் சட்டம் (ஜில்லா கலெக்டர் அல்ல). டெல்டாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி மீட்டர் கேஜ் 2004-ல் நின்றது. 2023 ஏப்ரலில் அகலப் பாதையாக ‘ரீ-இஷ்யூ’ ஆனது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி லைன் 1926-ல் வந்தது, 1986-ல் நிறுத்தப்பட்டது, இன்னும் மறுபதிப்பு இல்லை. உலக மார்க்கெட் கணக்குப்படி தரங்கம்பாடிக்காரர்கள் பெரிய கோடீஸ்வரர்களாக இருக்க வேண்டும். அவர்களோ, அந்த ரேர் பீஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு காலையில் ஒரு பாசஞ்சர், சாயங்காலம் ஒரு பாசஞ்சர் விடுங்கள் போதும் என்கிறார்கள்.