ஆர்100 மெய்க்கீர்த்தி

விலைப்பட்டியலின் அடிப்படியில் வீற்றிருந்து, புகைப்படம் பழக வரும் எளியோரை ஒருவர் விடாமல் ஆட்கொண்டருளும் கேனன் ஈஓஎஸ் ஆர்100 பெருமானின் புகழை முழுதும் சொல்ல எந்த நாவாலும் இயலாது. இயன்றவரை சொல்கிறேன். 2023 மே மாதம் உலகுக்கு வெளிப்பட்டருளினார். கண்ணாடியைத் துறந்த மிரர்லெஸ் குலம். பேட்டரியும் கார்டும் உள்ளே இருக்கும்போதே திருமேனியின் எடை 356 கிராம். வெறும் பாடியின் விலை அன்று அமெரிக்காவில் 480 டாலர். அவருக்குப் பதினோரு ஆண்டு மூத்தவர், அதே நிறுவனம் 2012 மார்ச்சில் அறிவித்த 5டி மார்க் 3 என்னும் தொழில்முறை டிஎஸ்எல்ஆர். மெக்னீசியக் கலவை உடம்பு, பேட்டரி போடாமலே 860 கிராம், பிறந்தபோது விலை 3,500 டாலர். காலம் செய்த கோலத்தால் இந்த முதியவர் இப்போது செகண்ட் ஹேண்ட் கடைகளில் பெருமானின் விலையை ஒட்டியே கிடைக்கிறார். அதனால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது வாங்கலாம் என்று கேட்கும் அபசாரம் பெருகிவிட்டது. அறியாமல் கேட்கிறார்கள். பெருமானின் மகிமை தெரிந்தால் கேட்க மாட்டார்கள்.

எல்லா மகிமைக்கும் தலையாயது அவருடைய துறவு. 2018 பிப்ரவரியில் கேனன் எம்50 என்றொரு சிறு மிரர்லெஸ்ஸை வெளியிட்டது. விலை கூடுதல். ஆனாலும் கற்றுக்கொள்வோர் கைக்கு எட்டக்கூடியதுதான். டிஜிக் 8 என்ற செயலி, 24.1 மெகாபிக்சல், வெளியே இழுத்து எப்பக்கமும் திருப்பக்கூடிய திரை, விரல் வைத்த இடத்தில் ஃபோகஸ். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. உலகில் பால் குடிக்கும் குழந்தைகூடத் திரையைத் தொட்டுத் தேய்க்கப் பழகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் பெருமான் வந்தார். அதே டிஜிக் 8. அதே 24.1 மெகாபிக்சல். ஆனால் திரை அசையாது, தொட்டாலும் அறியாது. எத்தனை பேர் அவருடைய திரையை விரலால் தட்டித் தட்டி அருள் வேண்டி நின்றிருப்பார்கள்! ஒருவருக்கும் இரங்கவில்லை. வைராக்கியம் என்றால் அதுதான்.

வேகத்தையும் துறந்தார். எம்50 நொடிக்கு 10 படம் எடுக்கும். ஓடுகிறவரைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே எடுத்தாலும் 7.4 படம் வரும். பெருமான் நொடிக்கு 6.5 தருகிறார். ஓடுகிறவரைத் தொடர வேண்டுமென்றால் 3.5. மனிதர்களுக்கு வயது ஏறினால் நிதானம் வரும். அதே மூளையோடு ஐந்தாண்டு பிந்திப் பிறந்து, பிறக்கும்போதே இவ்வளவு நிதானத்தோடு பிறப்பது கேமரா உலகம் அதுவரை காணாத அற்புதம். ஓட்டப்பந்தயத்தில் பேரன் முதலாவதாக ஓடிவரும் படம் வேண்டுமென்று தாத்தா ஆசைப்பட்டால், ஓடி முடித்து மூச்சு வாங்கி நிற்கும் படம் கிடைக்கும். அதில் முகம் தெளிவாக இருக்கும். தெளிவைவிட என்ன வேண்டும்?

நியாயமாகச் சொன்னால், 5டி மார்க் 3-இன் திரையும் அசையாது, அதுவும் விரலை அறியாது. ஆனால் அந்த முதியவர் துறவைப் பாதியில் விட்டவர். தொடுதிரை இல்லாத குறைக்குக் கட்டைவிரலுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், முதுகில் ஒரு பெரிய சக்கரம், ஆள்காட்டி விரலுக்கு இன்னொரு சக்கரம், ஃபோகஸுக்கென்று தனிப் பொத்தான், தோளில் ஒரு குட்டித் திரை என்று சுகபோகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். அப்பர்ச்சருக்கு ஒரு விரல், ஷட்டருக்கு ஒரு விரல் என்று கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே எல்லாம் முடிந்துவிடுகிறது. இதனால் படம் எடுப்பவனுக்குச் சிந்திக்க நேரமே இல்லாமல் போகிறது. பெருமானிடம் சக்கரம் ஒன்றே ஒன்று. மேனுவலில் ஷட்டரை மாற்றிவிட்டு அப்பர்ச்சரை மாற்ற வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி, அதே சக்கரத்தின் வேலையை மாற்றி, பிறகு சுழற்ற வேண்டும். அதற்குள் மணப்பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து முடித்திருப்பாள். போகட்டும். மாணவனுக்குப் பொறுமையைப் போதிக்கும் ஆசிரியர் இந்தக் காலத்தில் வேறு எங்கே கிடைப்பார்?

இனி அவருடைய வீடியோ மகிமை. விவரப்பட்டியலில் 4கே என்று பொறித்திருக்கிறது; உள்ளேயும் மெய்யாகவே 4கே உண்டு. கிட் லென்ஸான 18-45ஐ அகலக் கோணத்தில் வைத்துப் புகைப்படம் எடுத்தால், முழுச்சட்டக் கேமராவில் 29 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி கிடைக்கும். 4கேக்கு மாற்றினால் பெருமான் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுகிறார். காட்சி 45 மி.மீ. அளவுக்குக் குறுகிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் மணமேடை முழுவதையும் பிடிக்க நின்றவர் மணமக்களை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார். மாமன், அத்தை, நாத்தனார் என்று ஓரத்தில் நிற்கும் சொந்தங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிக் குடும்பச் சண்டைகளுக்குச் சான்று இல்லாமல் செய்கிற கருணையை என்னவென்று புகழ்வது!

அத்தோடு நின்றாரா? புகைப்படத்திலும் சாதாரண எச்டி வீடியோவிலும் பெருமானுக்கு டூயல் பிக்சல் என்ற திவ்விய திருஷ்டி இருக்கிறது. முகத்தைத் தேடி, முகத்தில் கண்ணைத் தேடிப் பற்றிக்கொள்வார். அந்தத் திறன் மெய்யானது, உயர்ந்தது, முதியவர் கனவிலும் காணாதது. 4கேக்குப் போன உடனே அந்தத் திருஷ்டியை மூடிக்கொள்கிறார். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று தடவித் தடவி ஃபோகஸ் தேடும் பழைய காலத்து முறைக்கு இறங்கிவிடுகிறார். இயலாமையால் இறங்குகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. இதே டிஜிக் 8 செயலியை வைத்துக்கொண்டு 2018-இல் வந்த ஈஓஎஸ் ஆர், 4கேயிலும் டூயல் பிக்சல் ஃபோகஸைத் தந்தது. 5டி மார்க் 3க்கு 4கே கிடையாது, வீடியோவில் ஆளைத் தொடரவும் தெரியாது. அது முதியவரின் அறியாமை. அதில் என்ன பெருமை இருக்கிறது? குலத்தில் உள்ள வித்தையைக் கொடுக்காமல் காத்து, மேல்படியில் இருக்கும் அண்ணன்மார் விற்பனைக்குப் பங்கம் வராமல் அடங்கி நடக்கும் தம்பியின் பெருமை எங்கே, தெரிந்ததையெல்லாம் கொட்டிக் கொடுத்துவிட்டு நிற்கிற கிழவரின் வெகுளித்தனம் எங்கே!

அந்த வெகுளித்தனத்துக்கு எல்லையே இல்லை. 2013 ஏப்ரலில், விற்று ஓராண்டு ஆன கேமராவுக்குக் கேனன் புதிய ஃபர்ம்வேர் கொடுத்தது: எஃப் 8 அளவுக்கு இருண்ட லென்ஸ் கூட்டிலும் நடுப்புள்ளி ஃபோகஸ் செய்யும், எச்டிஎம்ஐ வழியே எழுத்துகள் இல்லாத தூய காட்சி வெளியே போகும். பணம் கேட்கவில்லை. அடுத்த மாதமே, மேஜிக் லேண்டர்ன் என்ற பெயரில் ஊதியம் வாங்காமல் வேலை செய்யும் நிரலாளர்கள் அதன் வயிற்றைத் துழாவி, 14-பிட் ரா வீடியோவை நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் எடுத்துக் காட்டினார்கள். செய்தவர்களே சொல்லாத செல்வம் உள்ளே கிடந்தது. தனக்குள் இருப்பதை யாரும் தோண்டி எடுக்கும்படி விட்டுவைத்த ஒருவரை நம்பி எப்படிக் குடித்தனம் நடத்துவது?

லென்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட் லென்ஸின் வாய் அகலக் கோணத்திலேயே எஃப் 4.5, 45 மி.மீ.க்கு நீட்டினால் 6.3. அதிகாலை முகூர்த்தத்தின் மங்கல் வெளிச்சத்தில் அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு தியானத்தில் இருக்கும். ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ள வேண்டியது பக்தர் கடமை. வெயிலைத் தடுக்கும் ஹூட் பெட்டியில் இல்லை. படம் எடுப்பதற்கு முன் லென்ஸைத் திருகி வெளியே இழுத்துத் திறக்க வேண்டும். திறக்கும் நேரத்தில் குழந்தை முகம் திருப்பிக்கொண்டால் அது குழந்தையின் அவசரம்.

பெருமானின் குலப் பற்றையும் மறக்கலாகாது. கேனனின் ஈஎஃப் லென்ஸ்கள் 1987 முதல் வருகின்றன. அந்தக் காலத்து லென்ஸையும் நேற்று வாங்கிய பழைய லென்ஸையும் முதியவர் கேள்வி கேட்காமல் மாட்டிக்கொள்கிறார். சிக்மா, டாம்ரான் என்று அயலார் செய்த லென்ஸானாலும் சரிதான். இப்படிக் கண்டவரோடும் கூடுகிறவருக்கு என்ன மரியாதை? பெருமான் ஈஎஃப் லென்ஸை ஏற்பதற்குத் தனியாக ஒரு அடாப்டர் காணிக்கை வைக்க வேண்டும். அவருடைய ஆர்எஃப் வாயிலுக்குத் தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ் விற்ற வில்ட்ராக்ஸ் நிறுவனத்தை 2022-இல் கேனன் நிறுத்தச் செய்தது. சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று, பெருமானின் அளவுச் சென்சாருக்கான சில லென்ஸ்களை அறிவிக்க 2024 ஏப்ரல் வரை ஆனது. அந்த வாயிலில் காத்து நிற்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்த்தது! எம்50 வாங்கியவர்களின் பாக்கியம் இன்னும் பெரிது. 2012-இல் பிறந்த அந்த எம் வரிசையைக் கேனன் 2023-இல், ஆர்100 அவதரித்த அதே ஆண்டில், முடித்து வைத்தது. அவர்கள் சேர்த்த லென்ஸ்கள் எந்த அடாப்டர் கொண்டும் பெருமானின் வாயிலுக்குள் நுழையாது. பழைய பற்றுகளையெல்லாம் அறுத்து, புதிதாக வாங்கத் தூய்மையான மனத்தோடு வரச் செய்துவிட்டார்.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அங்கே படைக்கொட்டிலைக் கண்டு வியந்து பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருந்தன. அஞ்சியின் ஆயுதங்கள் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடந்தன. கேமராக் கடையின் கண்ணாடி அலமாரியில் மினுக்கும் ஆர்100ஐயும், பழுதுபார்ப்பவர் மேசையில் கிரிப் ரப்பர் உரிந்து, விளிம்பில் கறுப்பு தேய்ந்து உலோகம் தெரியக் கிடக்கும் 5டி மார்க் 3ஐயும் ஒரே நாளில் பார்க்கும் பேறு பெற்றவர், ஔவையார் பெற்ற வியப்பைத் தாமும் பெறுவார். ஒரு கீறல்கூட இல்லாத மேனி பெருமானுடையது. மழைத்தூறல், கடற்கரை மணல், தேர்த்திருவிழாக் கூட்டம் எதுவும் அவரைத் தீண்டுவதில்லை. தூசியும் ஈரமும் புகாத காப்பு அவருக்குத் தேவையே இல்லை என்று தயாரித்தவர்கள் முடிவு செய்ததும் அதனால்தானே.

முதியவரின் குற்றங்கள் இன்னும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி எழுந்து விழுந்து மண்டபம் கேட்க ஓசை எழுப்புவார். ஒரு சார்ஜில் 950 படம் வரை எடுத்துக்கொண்டே இருப்பார். பெருமான் கிட்டத்தட்ட 400-க்குள் ஓய்வு கேட்டு, எடுப்பவருக்கும் ஓய்வு தருகிறார். முதியவருக்கு இரண்டு கார்டு ஸ்லாட், ஒரு படத்தை இரண்டிலும் எழுதுவார். நம்பிக்கையற்றவர் செய்யும் வேலை. பெருமானுக்கு ஒரே கார்டு. அது கெட்டால் ஒரு கல்யாணமே நினைவில் மட்டும் வாழும். முதியவரின் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதித்தது என்று நிறுவனமே அறிவித்தது. கேட்பதற்கு முன்பே கணக்குச் சொல்வது எவ்வளவு அற்பம்.

ஆகவே கேமரா வாங்கக் கிளம்பும் பெருந்தகையீர், உங்களிடம் என் விண்ணப்பம் இவ்வளவே. பழைய 5டி மார்க் 3ஐக் கடைக்காரர் நீட்டினால் கையில் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், இதுவரை எத்தனை ஷட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்காதீர்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் ஸ்லாட்டுக்குள் வெளிச்சம் அடித்து ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்காதீர்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்துச் சென்சாரில் புள்ளி தெரிகிறதா என்று சோதிக்காதீர்கள். உங்கள் வீட்டில் பழைய 50 மி.மீ. ஈஎஃப் லென்ஸ் கிடந்தால், அதை மாட்டி, கடையின் மங்கலான மூலையில் ஒரு முகத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் பாவத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இவற்றில் ஒன்றைச் செய்தாலும் பெருமானை வாங்க மனம் வராது. அவர் உங்களைச் சீக்கிரமே மேல்படிக் கேமராவுக்கு அனுப்பி வைப்பதற்காகவே படைக்கப்பட்டவர். அந்தத் திருப்பணி உங்கள் வீட்டில் தடைப்படலாகாது.