காசியப்பனின் கேளிக்கைப் பூங்கா

மாத்தளை மாவட்டத்தில் மூடிப்போன கேளிக்கைப் பூங்காக்களில் மூத்தது சிகிரியாதான். உரிமையாளர் மன்னன் காசியப்பன், 477இல் அப்பா தாதுசேனனைச் சுவரோடு வைத்துப் பூசிவிட்டுத் (சூளவம்சம் அப்படித்தான் சொல்கிறது) தொழிலில் இறங்கியவர். தடாகங்கள், சித்திரப் பெண்கள், சிங்கத்தின் வாய்க்குள் ஏறும் படிக்கட்டு என்று வசதிக்குக் குறைவில்லை. நீரூற்றுக்கு மோட்டாரும் இல்லை, மின் கட்டணமும் இல்லை. மேட்டுத் தண்ணீர் நிலத்தடியால் இறங்கி வந்து, வட்டச் சுண்ணாம்புக்கல்லில் போட்ட துளைகள் வழியே பீறிடும். நல்ல மழை பெய்தால் இன்றைக்கும் பீறிடுகிறது. அமைச்சர் வந்து நாடா வெட்டித் திறந்த நீரூற்றுகளின் ஆயுளை நான் சொல்ல வேண்டியதில்லை.

495இல் தம்பி முகலன் படையோடு வந்தான். பூங்காவுக்குப் பூட்டு, இடம் பிக்குகளுக்கு. கூட்டம் அதன் பிறகுதான் களைகட்டியது. வந்தவனெல்லாம் அங்குள்ள, கண்ணாடிபோல் மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’ அந்தச் சித்திரப் பெண்களை நினைத்துக் கவிதை கிறுக்கினான். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து, 1956இல் புத்தகமாகவே போட்டார். 2015இல் ஒரு பெண் அதே சுவரில் தன் பெயரைக் கிறுக்கினார். இரண்டு வருடச் சிறை. பிறகு ஜனாதிபதி மன்னித்துவிட்டார். கிறுக்கியது கவிதையாக இருந்திருந்தாலும் நீதவான் விட்டிருக்கமாட்டார்.