குரங்குக்குக் கால் வீங்காது மாப்ளே

என்ன மாப்ளே, காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப்புல இருந்து நொண்டிக்கிட்டே வந்தியாமே? கட்டைவிரல் செவந்து வீங்கியில்ல கெடக்கு! யூரிக் ஆசிட்டுன்னு டாக்டர் சொன்னதும் முட்டையை நிறுத்திட்டியாம். நாமக்கல் ஜில்லாவுல பொறந்துட்டு முட்டை மேல பழி போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? யூரிக் ஆசிட்டாகுற பியூரின் அதுல ரொம்பக் கம்மி. ஈரல் வறுவலையும் பீரையும் பத்தி மட்டும் டாக்டர்கிட்ட வாயே தொறக்கலியாக்கும்.

காரவள்ளி தாண்டிக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறுறப்ப வழியில குரங்கு உக்காந்திருக்குமே, அதுக்கு இந்த வம்பே இல்லை. யூரிகேஸ்னு ஒரு நொதி, யூரிக் ஆசிட்டை அலன்டோயினா மாத்தி மூத்திரத்தோட அனுப்பிடும். பார்மசி படிக்கிற பேத்தி சொன்னா. நம்ம முன்னோருங்க அந்த நொதியைக் கோடி வருஷத்துக்கு முந்தியே தொலைச்சுட்டாங்களாம். சொத்தைத் தொலைக்கிறது நம்ம பரம்பரைக்குப் புதுசா?

தொலைச்சதை ஊசியில ஏத்த 2010-ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. பெக்லோட்டிகேஸ்னு பேரு. பன்னியோட யூரிகேஸுல பபூன் குரங்கோடதைக் கொஞ்சம் ஒட்டவச்சது. மூஞ்சியைச் சுளிக்காதே, பபூன் நமக்குத் தூரத்துப் பங்காளிதான்.

ஆனா வெளி நொதி ரத்தத்துல எறங்குறது, ராத்திரியில புது ஆளு தெருவுல நுழையுற மாதிரி. ஊரு நாயெல்லாம் சேந்து வெரட்டும். அதனால பெக்ங்குற பாலிமரைப் போர்த்தி அனுப்புனாங்க. நாய் போர்வையையே மோப்பம் புடிச்சிருச்சு! சோதனையில 100-க்கு 42 பேருக்குத்தான் பலன் நெலைச்சுது.

இப்ப நானோ கூடு கட்டுறாங்க. நொதி உள்ள இருக்கும். யூரிக் ஆசிட்டு பொடிசு, சந்து வழியாப் போயிரும். அந்த நாய், அதாவது ஒடம்போட எதிர்ப்பொருள், பெருசு, வெளிய நிக்கும். இதுல இன்னொரு வில்லங்கம் உண்டு. யூரிகேஸ் வேலை பாத்தா ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், புண்ணுல ஊத்துனா நுரைக்குமே அதேதான். ஜி6பிடிங்குற நொதி கொறைவா இருக்குறவங்களுக்கு அது ரத்த அணுவையே ஒடைச்சிரும். அந்தப் பெராக்சைடைத் தண்ணியும் ஆக்சிஜனுமாப் பிரிக்கிற கேட்டலேஸையும் அதே கூட்டுல குடிவச்சுட்டா, பொறந்த எடத்துலயே முடிஞ்சிரும்.

இந்த ஜோடி வித்தையை 2013-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காரங்க சாராயத்துக்கே பண்ணிப் பாத்துட்டாங்க. ஆல்கஹால் ஆக்சிடேஸும் கேட்டலேஸும் ஒரே நானோ கூட்டுல. எலி ரத்தத்துல சாராயம் வெரசாக் கொறஞ்சுது. அட, கண்ணு மின்னுறதைப் பாரு! மனுசனுக்கு இன்னும் கடைக்கு வரலை மாப்ளே. அந்த எலிக்காவது ஆராய்ச்சிக்காரங்க ஊத்தி விட்டாங்க. நீ வெயில்ல வரிசையில நின்னு, காசு குடுத்தில்ல வாங்குறே?