திருநாளைப் படிப்பார்

அறுபத்து மூவரில் ஒருவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே நந்தனாருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அவர் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அவரல்ல, கோயிலுக்குள் விடாத ஊர். பாபநாசத்தில் எங்கள் தெருவில் இருப்பவருக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மடிக்கணினி இருக்கிறது. கேட்காமலே காபி கொண்டுவந்து வைக்கும் அம்மா இருக்கிறார். படிக்க வேண்டிய பாடமோ இலவசம். இத்தனையும் இருந்தும் கோடிங் வகுப்பை நாளை முதல் ஆரம்பிக்கப் போகிறவர் அவர். அதனால் தெருவில் அவருக்குத் திருநாளைப் படிப்பார் என்று பெயர். நேரில் பார்த்தால் ‘தம்பி’ என்போம்.

தம்பிக்கு வயது முப்பதை நெருங்குகிறது. வீட்டுக்கு ஒருவர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த காலத்தில் படித்து முடித்தவர். ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பிறகு குரூப் ஃபோருக்குத் தயாரானார். தயாராவதன் ருசி பிடிபட்டது அப்போதுதான். பரீட்சை எழுதுவது அரை நாள் வேலை. தயாராவது வருஷம் முழுக்க ஓடும். ‘தம்பி படிக்குது’ என்று டிவி சத்தத்தைக் குறைப்பார்கள், ரேஷன் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், களத்துமேட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். இந்தச் சுகத்தை அனுபவித்தவர் பரீட்சைக்கு மட்டும் தயாராவதோடு நின்றுவிடுவாரா? கோடிங்குக்கும் தயாராகத் தொடங்கினார்.

முதல் கேள்வி, எந்த மொழி? இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு குறுவையும் ஒரு தாளடியும் போயின. பைதானா, ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்டா, இல்லை பழையபடி சி-யிலிருந்து வருவதா என்று டீக்கடை பெஞ்சில் பட்டிமன்றமே நடக்கும். பேச்சாளரும் நடுவரும் அவரே. கடைசியில் பைதான் என்று தீர்ப்பாயிற்று. பைதானை உருவாக்கிய குய்டோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோகாமல் எழுத ஆரம்பித்தது, 1991-இல் வெளியிட்டது, பாம்புக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயர் என்பதெல்லாம் தம்பிக்குத் தலைகீழ்ப் பாடம். பைதானில் ஒரு வரி எழுதச் சொன்னால் மட்டும், “அதுக்கு முன்னாடி எதுக்காக எழுதறோம்னு ஒரு தெளிவு வேணும்ண்ணே” என்பார்.

இரண்டாவது, கருவிகள். வீட்டில் இருந்தது தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. ஆரம்பநிலைப் பைதானுக்கு அது தாராளம். தம்பி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரேம் பத்தாது” என்றார். பதினாறு ஜிபி ரேமோடு புதிதாக ஒன்று வந்தது. அதை வைக்க ஒரு மேசை, மேசைக்குத் தோதாகச் சுழல்நாற்காலி, கரண்ட் போனால் இருக்கட்டும் என்று இன்வெர்ட்டர். இவற்றையெல்லாம் வைக்க நெல்மூட்டை அடுக்கும் அறை காலி செய்யப்பட்டது. அந்த வருஷம் கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதமாக, வானமும் மூட்டம் போட, அப்பா வந்து வாசலில் நின்று, “ஏண்டா, மூட்டையை உன் தலையிலயா அடுக்கறது?” என்று கேட்டார். மூட்டைகள் உள்ளே வந்தன. மூட்டைகளின் மேல் சுழல்நாற்காலி ஏறியது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத அந்த நாற்காலி வெகுநாள் அங்கிருந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கும்பகோணம் இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி. அங்கே சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1903 வாக்கில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே படித்தார். சுமார் ஐயாயிரம் தேற்றங்கள், நிரூபணங்களோ பெரும்பாலும் ஒப்புக்குத்தான். காகிதம் விலை அதிகம் என்று ஸ்லேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். இதை ஒருநாள் தம்பியிடம் சொன்னேன். அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். “திறமைசாலிதாண்ணே. ஆனா சரியான ரோட்மேப் இல்லாம போயிடுச்சு. ஸ்லேட்டுல போட்டதுக்கு ஒரு பேக்கப்பும் எடுத்து வைக்கலை பாருங்க.”

மூன்றாவது கட்டம்தான் தம்பியின் வாழ்க்கையிலேயே செழிப்பானது. எந்த வகுப்பு? ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் பதிவு செய்தார். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம். பதிவு செய்த அன்று வீட்டில் கேசரி. வாரம் ஒரு வீட்டுப்பாடம் உண்டு என்று தெரிந்த அன்று, “அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்” என்றார். அங்கே ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பருவம். பயிர் தப்பினால் மறுபோகம் உண்டு என்பது டெல்டாக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது ஹார்வர்டின் சிஎஸ்50. அதன் முதல் வாரத்துக்குப் பெயரே பூஜ்ஜியமாவது வாரம். தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், இன்றுவரை அந்த வாரத்திலேயே இருக்கிறார். அதில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளில் ஒரு பூனையை நகர்த்தச் சொல்வார்கள். “ஹார்வர்டுங்கறான், பூனையை நகர்த்தச் சொல்றான். சின்னப் பிள்ளைங்க வேலைண்ணே இது” என்று மூடிவிட்டார். பூனை நகரவில்லை, அவரும் நகரவில்லை.

ஆங்கிலம்தான் இடிக்கிறதோ என்று நினைத்து, தமிழில் இருப்பதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே இருக்கிறது. கணியம் தளத்தில் எளிய தமிழில் கணினி நூல்கள் சும்மாவே கிடைக்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் ‘பதிப்பி’ என்று எழுதிப் பக்கத்தில் ‘வணக்கம்’ போட்டால் திரையில் வணக்கம் வந்து நிற்கும். அத்தனையையும் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார். இரண்டு கலர் பேனாவில் குறித்தார். “லிஸ்ட் இப்பத்தாண்ணே முழுமையாச்சு” என்று கைகொடுத்துவிட்டும் போனார்.

திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். தம்பியின் யூடியூபில் ‘பிறகு பார்க்க’ என்ற பட்டியல் அந்தக் களஞ்சியத்துக்குச் சமம். கொட்டக் கொட்டக் கொள்ளும், அள்ளுவாரில்லை. அடியில் கிடப்பதெல்லாம் பைதானின் இரண்டாம் பதிப்புக்கான பாடங்கள். அந்தப் பதிப்புக்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு மூடுவிழா நடந்துவிட்டது. இனி அவற்றைத் தொல்லியல் துறைதான் எடுத்துப் பராமரிக்க வேண்டும்.

இவ்வளவும் கூடிவந்த பிறகு நல்ல நாள் பார்க்க வேண்டாமா? ஆடியில் எதையும் தொடங்குவதில்லை. புரட்டாசியில் விஜயதசமி வரட்டும் என்று காத்திருப்பார். விஜயதசமியன்று புதிய நோட்டில் மஞ்சள் தடவி, பிள்ளையார்சுழி போட்டு, மூன்று நிறத்தில் ‘பைதான்’ என்று தலைப்பு எழுதி, கீழே இரட்டைக் கோடு இழுத்துச் சுவாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அப்படி வைத்த நோட்டுகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அத்தனையிலும் முதல் பக்கம் மட்டும் எழுதியிருக்கும். தீபாவளிக்குப் பிறகு என்றால் மழை. மார்கழி சரிவராது. தை பிறந்தால் அறுவடை. மிச்சமிருப்பது திங்கட்கிழமைகளும் ஒன்றாம் தேதிகளும்தான். ஒன்றாம் தேதி திங்கட்கிழமையில் வந்து, அன்று அஷ்டமி நவமியும் இல்லாமல் இருந்தால் அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அப்படி ஒரு நாள் வந்தபோது தெருவில் கல்யாணம்.

அவர் அப்பாவும் நாள் பார்ப்பவர்தான். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். 2022-இலோ மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். உழவு முடியவில்லை, விதைநெல் வாங்கவில்லை, வரப்பு வெட்டவில்லை. ஊரே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வயலில் இறங்கியது. தம்பி திண்ணையிலிருந்து அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஒரு ப்ரிபரேஷனே இல்லாம இறங்கறாங்க பாருங்கண்ணே. எனக்கு மனசே ஒப்பலை.”

படிக்க ஆரம்பிக்காவிட்டால் என்ன, படிப்பின் மரியாதை முழுவதும் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் பந்தி வரிசையில் நிற்கும்போது அத்தை ஒருவர், “தம்பி இப்ப ஐடி பக்கமா போவுது” என்பார். பெண் வீட்டுத் தரகர் வந்து, “கோர்ஸ் முடிஞ்சாச்சா?” என்று கேட்டால், “ஃபைனல் ஸ்டேஜ்ங்க” என்று பதில் வரும். டெலகிராமில் இருக்கும் சென்னை நண்பர்கள் ‘பாபநாசமா, கமல் படத்துல வர்ற ஊரா?’ என்று கேட்பார்கள். அந்த 2015 படத்தின் பாபநாசம் திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரையில் இருப்பது, எங்களுடையது குடமுருட்டி பாயும் தஞ்சாவூர்ப் பாபநாசம் என்று வரைபடம் போட்டு விளக்குவார். அந்தக் குழுவில் அவர் ஆலோசகர். எந்த மடிக்கணினி வாங்கலாம், எந்த வகுப்பு நல்லது, எடிட்டரில் கறுப்புப் பின்னணியா வெள்ளைப் பின்னணியா என்று இவரைக் கேட்டுத்தான் பலர் ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு வேலையே கிடைத்துவிட்டது. தம்பிக்கு அதில் பெருமைதான். “அடித்தளம் நாம போட்டதுண்ணே.”

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இனிமேல் நிரலை இயந்திரமே எழுதிவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. அன்று தம்பி முகத்தில் கண்ட தெளிவை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. “நல்லவேளைண்ணே, நான் அவசரப்படலை” என்றார். பிறகு அதனிடமே பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டு வாங்கினார். மறுநாள் இன்னொன்று. அது சலிக்காமல் போட்டுக் கொடுக்கிறது. தயாராவதற்கு இப்படி ஒரு துணை கிடைக்கும் என்று அவரே எதிர்பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ, கணினி அறிவியல் குரூப். அரசுப் பாடநூலிலேயே பைதான் இருக்கிறது, தமிழ் வழியிலும்கூட. பள்ளி ஆய்வகத்தில் விட்டுப்போன பயிற்சி ஒன்றை முடிக்கக் கணினி வேண்டும் என்று ஒரு சாயங்காலம் வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். தம்பி எந்த மொழியில் ஆரம்பிக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். அவள் பவ்யமாகக் கேட்டுக்கொண்டே பாடநூலைப் பிரித்து வைத்துத் தட்டச்சு செய்து முடித்து, ஓடவிட்டாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

தம்பி நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார். அந்தக் கணினி வாங்கிய நாளிலிருந்து அதில் வந்த முதல் பிழை அதுதான்.

“என்னம்மா செஞ்சே? வைரஸ் ஏதும் வந்துடுச்சா?”

“இல்லண்ணா, சின்டாக்ஸ் எரர். கோலன் போட விட்டுட்டேன். எந்த வரின்னு அதுவே காட்டுது பாருங்க.”

“இது அடிக்கடி வருமா?”

“எப்பவும் வரும்ண்ணா. எங்க மிஸ் எழுதினாக்கூட வரும்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்தாம் வகுப்பில் ஊரே மெச்ச மார்க் வாங்கிய பிள்ளை இவர். நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஆரம்பிக்காத வரையில் பாபநாசம் தாலுகாவிலேயே பிழையே செய்யாத புரோகிராமர் அவர்தான். முதல் வரி எழுதிவிட்டால், மூளையில்லாத ஒரு பெட்டி முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லும். அதுவும் சிவப்பில் சொல்லும். அந்த அவமானத்துக்குத் தயாராவதற்கு மட்டும் எந்த ஐஐடியும் வகுப்பு நடத்தவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு வரியையே பார்த்தார். முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது. இன்றைக்கு உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

“அப்ப எரருக்குன்னு தனியா ஒரு கோர்ஸ் பாத்துட்டுத்தான் உள்ள போவணும்” என்று போனைக் கையில் எடுத்தார். “நல்லது எதுன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் நீ எதையும் தொடாதே.”

அவள் கோலனைப் போட்டு மறுபடி ஓடவிட்டிருந்தாள்.