ஏற்போர் ஒன்றை அழுத்துக

பெறுநர்:
மாண்புமிகு குரல் வாக்கெடுப்பு அவர்கள்,
சட்டமன்றப் பேரவை மண்டபம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600009.

பொருள்: எங்கள் ஏரி – தங்கள் குரல் – எல்லைத் தகராறு ஏதும் இல்லை எனப் பணிவுடன் தெரிவித்தல் – தொடர்பாக.

பேரன்புடையீர்,

முதலமைச்சர்களுக்கும் அமைச்சர்களுக்கும் எழுதி எழுதிப் பேனா தேய்ந்தவன் நான். அவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். எந்தக் கொடி பறந்தாலும் அந்த மண்டபத்தை விட்டு அசையாதவர் தாங்கள் ஒருவரே. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்ற சத்தம் அடங்குவதற்குள் "ஆம் என்போர் அதிகம்" என்று முடித்துவிடுகிறீர்களே, அந்த வேகம் யாருக்கு வரும்? எங்கள் ஊர் நாட்டாமைகூட ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்.

தங்கள் பெருமையை எனக்கு உணர்த்தியது ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்று வாரத்துக்கு முன்பு, ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, 300 சொச்சம் பேரிடம் கையெழுத்து வாங்கினோம். பாதி கைநாட்டு. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று இரண்டு பக்க மனு. கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

போன வாரம் நில அளவர் ஒருவர் கூப்பிட்டார். "சார், எல்லைத் தகராறுன்னு மனு போட்டிருக்கீங்க, சர்வே நம்பர் போடலையே?"

"இது எல்லைத் தகராறு இல்லை தம்பி. ஒரு சட்டத்தை எதிர்த்து…"

"நிலம்னு போட்டிருக்குல்ல சார்? நிலம்னா எங்களுக்குத்தான் வரும்."

மறுநாள் குறுஞ்செய்தி: தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது. அதற்கடுத்த நாள், டீக்கடை பெஞ்சில் நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தபோது இயந்திரப் பெண்குரல் ஒன்று அழைத்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். மனு முடிக்கப்பட்டதில் திருப்தி என்றால் 1, திருப்தி இல்லை என்றால் 2. நான் 2-ஐ அழுத்தினேன். "தவறான தேர்வு" என்றது. மறுபடி 2. மறுபடி தவறு. மூன்றாம் முறை, "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று வைத்துவிட்டது. மனுவில் முதல் கைநாட்டு வைத்த ஆயா பக்கத்திலேயே நின்றிருந்தார். "என்னப்பா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?" என்றார். "நாம எல்லாரும் ஒத்துக்கிட்டோமாம் ஆயா" என்றேன். பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கு அன்று என்னிடம் காசும் வாங்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது, அந்தப் பெண்குரல் தங்கள் வாரிசு என்று. ஏற்போர் 1 என்க, மறுப்போர் 2 என்க, 1 என்போர் அதிகம். வாரிசு அரசியலைக் குறை சொல்பவன் அல்ல நான். மனமார வாழ்த்துகிறேன்.

தங்கள் வித்தையை வீட்டிலும் ஒருமுறை முயன்று பார்த்தேன். ராத்திரிக்கு ரேஷன் அரிசியில் உப்புமா என்பதைத் தீர்மானமாக முன்மொழிந்து, "ஏற்போர் ஆம் என்க" என்றேன். ஆம் என்றது நான் ஒருவன். இல்லை என்றவர்கள் மனைவி, மகள், மாமியார். "ஆம் என்போர் அதிகம்" என்று அறிவித்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இல்லை. வெளிநடப்புச் செய்யலாமென்றால் வெளியே மழை.

தங்கள் திருவாழ்வின் பொன்னாள் 2023 ஏப்ரல் 21. கூட்டத்தொடரின் கடைசி நாள். கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி முன்வடிவுகள் வரிசையாக வந்து விழ, தாங்கள் ஒவ்வொன்றாக ஆசீர்வதித்து அனுப்பினீர்கள். எங்கள் நிலச் சட்டமும் அன்றுதான் வந்தது, விவாதமே இல்லாமல். 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலையும் உள்ளடங்கிய இடத்தில் ஒரு திட்டம் வருகிறதென்றால் அரசு அதைச் சிறப்புத் திட்டம் என்று அறிவிக்கலாம். நீர்நிலையைக் காப்பாற்றிக்கொண்டேதான் செய்வோம் என்பது தங்கள் தரப்பு. 100 ஹெக்டேர் என்றால் 247 ஏக்கர். எங்கள் ஊர் ஏரி, மதகு, வாய்க்கால், களத்துமேடு, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கிவிடும். செத்த பிறகாவது பட்டா கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தோம்.

அதே நாளில் தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவும் வந்தது. விருப்பப்படும் தொழிலாளி மட்டும் 12 மணி நேரம் வேலை செய்யலாமாம். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாதாம். விருப்பம்! கான்ட்ராக்டில் இருக்கும் பிள்ளை சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து விருப்பமில்லை என்று சொல்லிவிடுவானா? சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்திய 1923-க்கு நூறாண்டு நிறையப் பத்து நாள் இருந்தது. காங்கிரஸ், இடதுசாரிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று கூட்டணிக் கட்சிகளே எழுந்து வெளியே போயின. தங்கள் காதுக்கு ஆம் என்போரே அதிகம்.

ஆனால் தொழிற்சங்கங்கள் மே 12-ல் வேலைநிறுத்தம் என்றன. ஏப்ரல் 24-லேயே முன்வடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஆக, மறுப்போர் குரலும் தங்களுக்குக் கேட்கத்தான் செய்கிறது. இயந்திரத்தை நிறுத்துவோம் என்றால் கேட்கிறது. நாங்கள் எதை நிறுத்துவது? பால் கறப்பதை நிறுத்தலாம். கன்றுக்குட்டி குடித்துவிடும்.

எதிர்த்து வருகிறவர்களைத்தான் இப்படி நடத்துகிறீர்கள் என்று சொன்னால் பாவம். சட்டம் வேண்டும் என்று வந்தவர்களுக்கும் இதே கதிதான். 2017 ஜனவரி 23 நினைவிருக்கும். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் காலையில் போலீஸ் விரட்டியது. மாலையில் அவர்கள் கேட்ட சட்டம் நிறைவேறியது. கேட்டதைக் கொடுக்கும் நாளில்கூட, கேட்டவன் எதிரே நிற்கக் கூடாது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டவர்களையோ எத்தனை காலம் தங்கள் வாசலிலேயே நிற்க வைத்தார்கள்! 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஓர் ஆணையம் அறிவித்தார்கள். ஏற்போர் காத்திருக்க.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். இதில் பகடி இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று, ஆட்சி யாருக்கு என்று நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தபோது, அதே மண்டபத்தில் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பித் தலை எண்ணினார்களே? 122-க்கு 11 என்று எண்ணிச் சொன்னார்களே? நாற்காலிக்கு எண்ணத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஏரிக்கு எண்ணத் தெரியாதா? எந்த உறுப்பினர் ஆம் என்றார், எங்கள் தொகுதிக்காரர் வாயைத் திறந்தாரா, கொட்டாவி விட்டாரா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எதை வைத்துக் கேள்வி கேட்பது? எந்த மயிருக்கு 300 பேர் கைநாட்டு வைத்தோம்?

மன்னிக்கவும். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகிறது. தங்கள் கம்பீரத்துக்கு முன் இப்படிப் பேசியிருக்கக் கூடாது.

பேராசை இல்லை. சட்ட வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வையுங்கள் என்று தில்லியில் 2014-லேயே கொள்கை வகுத்தார்கள். வகுத்ததோடு சரி, அவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். தாங்கள் தில்லியைவிடச் சமத்து. 30 நாள் வேண்டாம், ஒரு வாரம் கொடுங்கள். தமிழில் கொடுங்கள். டீக்கடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொள்வோம். அதற்குப் பிறகு ஆம் என்போர் அதிகம் என்றால், ஆயாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் செவிக்கு எட்டாத,
இல்லை என்போரில் ஒருவன்.

பின்குறிப்பு: நில அளவர் மறுபடி கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை சங்கிலியோடு வந்து ஏரியை அளக்கப் போகிறாராம். மனு முடிந்துவிட்டதே என்றேன். முடிந்த மனுவுக்கும் அளந்து அறிக்கை கொடுக்க வேண்டுமாம். எதிர்த்தரப்பும் கட்டாயம் வர வேண்டும், பெயரும் முகவரியும் சொல்லுங்கள் என்றார். தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். காலை பத்து மணி, மதகடியில்.